மூன்று கும்பிடுபூச்சி, மூன்று குணம்

முருங்கைமரம் (நாகர்கோவில்) | ஜனவரி 12

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகிற ஆள் நான், எழுதுவது இப்போதுதான். பூச்சிக்குக் குணமா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

போன ஆடியில் கறிவேப்பிலை ஒடிக்கும்போது கிளையில் காய்ந்த நுரை மாதிரி, நெல்லிக்காய் அளவில் ஒரு பழுப்பு உருண்டை ஒட்டியிருந்தது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு என்று பெரியம்மா சொன்னார். கிளையோடு வெட்டி ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் கொசுவலைத் துணி கட்டி வைத்தேன். பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் பார்த்தால் பாட்டில் முழுக்கக் கொசு அளவில் குட்டிகள், நூறுக்கு மேல் இருக்கும். தோட்டத்தில் விட்டுவிட்டு ஆறை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரே டப்பாவில் போடக் கூடாது என்று அப்போது தெரியாது. மூன்று நாளில் ஆறு நாலாயிற்று. அப்புறம் ஒன்று சட்டை உரிக்கும்போது கீழே விழுந்து செத்துப்போனது. மிச்சம் மூன்று. மூன்றும் பெண், மூன்றும் பச்சை, முன்னிறக்கையில் ஆளுக்கொரு வெள்ளைப் பொட்டு. ஆளுக்கொரு முறுக்கு டப்பாவில் இருக்கிறார்கள்.

மங்கம்மா: மூடியைத் திறந்தாலே இறக்கையை விரித்து, இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். விரலை நீட்டினால் ஒரே அடி.

சிங்காரி: எந்நேரமும் ஒப்பனை. பூனை முகம் கழுவுவது போல முன்னங்கையால் கண்ணைத் துடைப்பாள், அந்தக் கையை வாயில் வைத்துக் கடித்துச் சுத்தம் செய்வாள், மறுபடி கண். மீசையை ஒவ்வொன்றாகக் காலால் இழுத்து வாயில் விட்டு நுனிவரை உருவுவாள். ஈ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் மீசை முடிந்தால்தான் சாப்பாடு.

பரதேசி: டப்பாவில் இருக்கவே மாட்டாள். திறந்தவுடன் கையில் ஏறி, தோளுக்கு வந்து, தலையில் போய் உட்காருவாள். அங்கேயே இருந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பாள்.

ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே சாப்பாடு சாப்பிட்டு எப்படி இப்படி? உங்கள் வீட்டிலும் உண்டா?

*

மொட்டைமாடி (சென்னை) | ஜனவரி 12

எங்கள் பக்கம் தயிர்க்கடைப் பூச்சி என்போம். சின்ன வயதில் அதைச் சுற்றி நின்று "தயிர் கடை, தயிர் கடை" என்று கத்துவோம். அதுவும் முன்னும் பின்னும் ஆடும். நாங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் கடைகிறது என்று நம்பிய காலம் உண்டு.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நான் எந்தப் பக்கம் போனாலும் என்னிடம் இருப்பது கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளியை உருட்டி என்னையே பார்க்கிறது. ராத்திரி கண் முழுக்கக் கறுத்துவிடுகிறது. பேய் மாதிரி.

*

சந்தேகப்பிராணி (மதுரை) | ஜனவரி 13

மொட்டைமாடி, அந்தப் புள்ளி உருளவில்லை, அது கண்மணியும் இல்லை. ஆயிரக்கணக்கான குட்டிக் கண்கள் சேர்ந்ததுதான் அந்தக் கண். அவற்றில் எவை நேராக உங்களை நோக்கி இருக்கின்றனவோ அவை உங்கள் பக்கமிருந்து போகிற வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதனால் கறுப்பாகத் தெரியும். நீங்கள் நகர்ந்தால் வேறு சில குட்டிக் கண்கள் உங்களுக்கு நேராக வரும். செத்த பூச்சியின் கண்ணிலும் அந்தப் புள்ளி உங்களைத் தொடரும், பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி கறுப்பது குறைந்த வெளிச்சத்துக்காகக் கண்ணுக்குள் நிறமிகள் இடம் மாறுவதால். பேய் இல்லை.

முருங்கைமரம் அவர்களுக்கு: தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் குணம் என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் இருக்கிறது. பசி, சூடு, கடைசியாகச் சட்டை உரித்து எத்தனை நாள், முட்டை வைத்திருக்கிறதா, டப்பா எங்கே இருக்கிறது. கும்பிடுபூச்சி எப்போதும் மேல் நோக்கி ஏறும். உங்கள் தலை அந்த அறையில் கைக்கெட்டிய உயரமான இடம், அவ்வளவுதான். பரதேசிக்கு நீங்கள் ஒரு மரம்.

*

முருங்கைமரம் | ஜனவரி 13

மரமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் சார், பெயரே அதுதானே. ஆனால் மற்ற இரண்டும் ஏன் ஏறுவதில்லை?

*

வண்டுமாமா (கோவை) | ஜனவரி 14

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பதினோரு வருடமாக வளர்க்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இனத்துக்கென்று ஒரு சுபாவம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களிடம் இருப்பது ஹைரோடுலா. நம்மூர்த் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடைக்கிற பெரிய பச்சை. சாப்பாட்டு ராமன். ஒரு கையில் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போதே அடுத்து வருவதை இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு நேர் எதிர் வயலின் பூச்சி, கோங்கைலஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காட்டில் இருப்பது. கழுத்து குச்சி மாதிரி நீண்டு, காலில் காய்ந்த இலைத் துண்டு ஒட்டியது போல இருக்கும். பறக்கிற ஈயைத்தான் விரும்பும், தரையில் ஊர்கிற கரப்பான் குட்டியை மிதித்துக்கொண்டு போகும், திரும்பியும் பார்க்காது. நல்ல வெயில் சூடு வேண்டும், 35 டிகிரிக்குக் கீழே போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் பத்தைச் சேர்த்து ஒரே கூண்டில் போடலாம். வயிறு நிறைந்திருந்தால் ஒன்றையொன்று தொடாது. ஒன்று ஆடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பதும் ஆடும், கோவில் கொடை மாதிரி.

அடுத்து அந்த ஆட்டம். காற்றில் ஆடும் இலை போல நடிப்பது ஒரு காரணம் என்பார்கள். இன்னொன்று தூரம் அளப்பது. நாம் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் கிட்டே உள்ளது வேகமாகவும் தள்ளி உள்ளது மெதுவாகவும் நகர்வது போலத் தெரியும் அல்லவா, அதே கணக்கு. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் நாலைந்து தடவை ஆடிப் பார்க்கும், கவனியுங்கள். இரண்டு கண்ணையும் சேர்த்து ஆழம் பார்க்கவும் அதற்குத் தெரியும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் கும்பிடுபூச்சிகளுக்குத் தேன்மெழுகால் குட்டி 3டி கண்ணாடி ஒட்டித் திரையில் படம் காட்டினார்கள், 2016இல் முடிவு வெளிவந்தது. திரைக்கு முன்னால் மிதப்பது போலக் காட்டிய இல்லாத பூச்சியை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தன. தியேட்டரில் நாம் கையை நீட்டுகிற மாதிரிதான். முதலில் சிவப்பு, நீலக் கண்ணாடி போட்டார்களாம், அதற்குச் சிவப்பு சரியாகத் தெரியாததால் எடுபடவில்லை. அப்புறம் பச்சை, நீலம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிற பூச்சி உண்மையிலேயே பார்க்கிறது. புள்ளி மாயை, தலை திரும்புவது மாயை இல்லை. அதனால்தான் இதை வளர்க்கிறவனுக்குக் கரப்பானை வளர்க்கிறவனுக்கு வராத ஒட்டுதல் வருகிறது.

ஒரே கூட்டில் பிறந்தவை வேறு வேறாக இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தேகப்பிராணி சொன்ன பட்டியலை முதலில் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

*

ரைன்நதி (ஜெர்மனி) | ஜனவரி 14

இங்கே இதன் பெயரே 'கடவுளை வணங்குபவள்' என்று வரும், பெண்பால்தான். மண்டிஸ் ரிலிஜியோசா என்ற ஐரோப்பிய இனம் 2017இல் இங்கே 'ஆண்டின் பூச்சி' ஆனது. அது பாதுகாக்கப்பட்ட இனம், வெளியிலிருந்து பிடித்து வரக் கூடாது. கூண்டில் பிறந்த வேறு நாட்டு இனங்களைத்தான் வாங்கி வளர்ப்போம்.

என்னிடம் இருப்பது பேய்க் கும்பிடுபூச்சி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். கருகிய இலை மாதிரி இருக்கும், தலையில் கோணலாக ஒரு கொம்பு. குட்டியைத் தொட்டால் காலை ஒடுக்கிக்கொண்டு பொத்தென்று விழுந்து செத்தது போலக் கிடக்கும். முதல் தடவை உண்மையிலேயே செத்துவிட்டது என்று குப்பையில் போடப் போனேன். என் மகள்தான் "அம்மா, கால் அசையுது" என்றாள். அதே கூட்டத்தில் ஒன்று மட்டும் அந்த நாடகத்தை ஒரு தடவைகூட ஆடியதில்லை. தொட்டால் ஓடும்.

*

ஈழத்துப்பனை (யாழ்ப்பாணம்) | ஜனவரி 15

வண்டுமாமா அண்ணை சொன்ன வயலின் பூச்சியை ஒருக்கால் வேலியில் கண்டனான். காய்ந்த குச்சி என்று நினைச்சுப் பிடுங்கப் போக, குச்சி திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு விழுந்தடிச்சு ஓடினது நான்தான்.

இது கடிச்சால் விசமோ?

*

வண்டுமாமா | ஜனவரி 15

விஷம் கிடையாது தம்பி. பெரிய ஹைரோடுலா கையால் அடித்தால் முள் குத்தும், ஒரு துளி ரத்தம் வரலாம். பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், அதன் கைதான் ஒடியும். பேசாமல் இருந்தால் நீங்கள் ஈ இல்லை என்று தெரிந்து விட்டுவிடும்.

*

சந்தேகப்பிராணி | ஜனவரி 16

முருங்கைமரம் அவர்களே, ஒரு சோதனை செய்வோமா? மூன்று டப்பாவும் எங்கெங்கே இருக்கின்றன?

*

முருங்கைமரம் | ஜனவரி 16

மங்கம்மா அடுக்களையில் ஃப்ரிட்ஜ் மேல். சிங்காரி ஜன்னல் ஓரம். பரதேசி அலமாரி மேல்.

*

சந்தேகப்பிராணி | ஜனவரி 16

ஃப்ரிட்ஜ் மேலா! அது அரைமணிக்கு ஒருதரம் அதிரும். ஆட்கள் வேறு குறுக்கும் நெடுக்கும் போவீர்கள். நானாக இருந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்பேன். மூன்றையும் இடம் மாற்றுங்கள். சாப்பாடு, தண்ணீர் தெளிப்பது எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில். இரண்டு வாரம் குறித்து வையுங்கள்.

*

மொட்டைமாடி | ஜனவரி 22

சோதனை நடக்கும்போது இடையில் என் சோகக் கதை. என்னுடையது மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. முதுகில் இறக்கை மொட்டு உப்பியிருந்தது. எனக்குப் புரியவில்லை, பசியால் சோர்ந்துவிட்டது என்று நினைத்து வெட்டுக்கிளி ஒன்றை உள்ளே விட்டேன். ராத்திரி டப்பாவை நகர்த்தியும் வைத்தேன். அப்போது அது தலைகீழாகத் தொங்கிப் பாதிச் சட்டையைக் கழற்றியிருந்தது. ஆட்டத்தில் பிடி விட்டுக் கீழே விழுந்தது. காலையில் ஒரு பின்னங்கால் எல் மாதிரி வளைந்து காய்ந்திருக்கிறது, இறக்கையும் கசங்கிப்போயிற்று. உயிரோடு இருக்கிறது. என்னைப் பார்த்தால் இப்போது தள்ளிப் போகிறது. குணமா, வலியா, என் குற்ற உணர்ச்சியா, தெரியவில்லை.

*

வண்டுமாமா | ஜனவரி 22

எல்லாருக்கும் ஒரு தடவை நடப்பதுதான். குட்டியாக இருந்தால் அடுத்த உரிப்பில் கால் ஓரளவு சரியாகும், உடைந்த கால்கூட முளைக்கும். இறக்கை வந்துவிட்டால் அதுதான் கடைசிச் சட்டை, இனி மாறாது. உரிக்கும் சமயத்தில் உயிருள்ள இரையை உள்ளே விடவே கூடாது, அது இதைக் கடிக்கும். டப்பாவின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று பங்காவது இருக்கட்டும். மேலே வலைத்துணி, பிடித்துத் தொங்க. கையில் வைத்து ஊட்டுங்கள், ஒரு சொட்டுத் தேனும் கொடுக்கலாம், பழகிக்கொள்ளும்.

*

முருங்கைமரம் | ஜனவரி 31

முடிவு வந்துவிட்டது. நோட்டில் எழுதியதை அப்படியே சொல்கிறேன்.

மங்கம்மா இப்போது அலமாரி மேல். முதல் நாலு நாள் பழைய ஆங்காரம். ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தபோது தலையை மட்டும் திருப்பினாள். கடைசி ஏழு நாளில் இரண்டு தடவைதான் இறக்கையை விரித்தாள்.

சிங்காரி ஃப்ரிட்ஜ் மேல். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து இறக்கையை விரித்தாள்! பிறந்ததிலிருந்து முதல் தடவை. ஆனால் ஒப்பனை நிற்கவில்லை. விரித்த இறக்கையை மடக்கிய கையோடு மீசையை உருவத் தொடங்கிவிட்டாள்.

பரதேசி ஜன்னல் ஓரம். ஒரு மாற்றமும் இல்லை. திறந்தேன், தலையில் ஏறினாள்.

*

சந்தேகப்பிராணி | ஜனவரி 31

எனக்கு ஒன்றரை மதிப்பெண், உங்களுக்கு ஒன்றரை. மங்கம்மாவின் கோபம் ஃப்ரிட்ஜின் கோபம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பரதேசிக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று பூச்சியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பது வேறு.

*

ரைன்நதி | பிப்ரவரி 2

பேச்சோடு பேச்சாக ஒன்று. வாசலில் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் கவனம். கர்நாடகத்தில் ஒரு மொட்டைமாடித் தோட்டத்துத் தொட்டிக்கு ஒரு ஆண் ஹைரோடுலா தினமும் வந்து, தண்ணீரில் மிதக்கும் இலை மேல் நின்று, ஐந்து நாளில் ஒன்பது கப்பி மீனைப் பிடித்துத் தின்றது. 2018இல் ஆய்விதழில் கட்டுரையாகவே வந்தது. இன்று கிடைத்த இடத்துக்கு நாளையும் திரும்பி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். வழி தெரிந்து வந்திருக்கிறது பாருங்கள்.

*

மொட்டைமாடி | பிப்ரவரி 2

நம் பெயரைக் கெடுத்துவிட்டது.

*

முருங்கைமரம் | பிப்ரவரி 15

வாசல் ட்யூப்லைட்டுக்கு ஒரு ஆண் வந்தான். பழுப்பு, ஒல்லி, நீள மீசை. வயிற்றுக்கு அடியில் எண்ணினேன், எட்டுக் கட்டு. பெண்ணுக்கு ஆறுதான். மங்கம்மாவுக்கு மூன்று நாள் வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, ஜன்னல் திரையில் அவளை விட்டு, பின்னால் தள்ளி அவனை விட்டேன்.

ஒன்றரை மணிநேரம். அவள் வேறு பக்கம் பார்க்கும்போது ஒரு அடி. அவள் தலையைத் திருப்பினால் தூக்கிய காலோடு அப்படியே உறைந்து நிற்பான். கால் அந்தரத்தில் நிற்கும், இறக்க மாட்டான். சின்ன வயதில் விளையாடுவோமே, சிலை விளையாட்டு, அதேதான். கடைசியில் ஒரே தாவல், முதுகில் ஏறிவிட்டான். சாயங்காலம் வரை அப்படியே. பிறகு இறங்கி, ஓடாத ஃபேனில் போய்த் தொங்கினான். பத்திரமாக வெளியே விட்டேன். மங்கம்மா ஒன்றும் செய்யவில்லை!

மூன்றாம் நாள் இன்னொருவன் வந்தான். அவனைச் சிங்காரிக்குப் பார்த்தேன். பாதி வழியிலேயே திரும்பி ஒரே பிடி. தலையிலிருந்து தொடங்கினாள். எல்லாம் முடிந்ததும் உட்கார்ந்து மீசையை உருவினாள். சாது மிரண்டால் என்பது இதுதானா?

*

சந்தேகப்பிராணி | பிப்ரவரி 15

முந்தின நாள் என்ன சாப்பாடு போட்டீர்கள்?

*

முருங்கைமரம் | பிப்ரவரி 15

அன்று ஈ கிடைக்கவில்லை. சரி, சரி. ஒத்துக்கொள்கிறேன்.

*

வண்டுமாமா | பிப்ரவரி 16

எல்லாப் பெண்ணும் எல்லா ஆணையும் தின்பதில்லை, பசிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆணின் வாழ்க்கையே ஆபத்துதான். ராத்திரி பறந்து பெண்ணைத் தேட வேண்டும், வானத்தில் வௌவால். அதற்காக நெஞ்சுக்கு அடியில், பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் காது இருக்கிறது. ஒரே ஒரு காது. அமெரிக்காவில் 1986இல்தான் கண்டுபிடித்தார்கள். வௌவாலின் மீயொலி கேட்டவுடன் பறப்பதை விட்டுக் கரணம் அடித்துக் கீழே பாயும். வௌவாலுக்குத் தப்பி வந்தவன் சிங்காரியிடம் மாட்டினான், பாவம்.

*

முருங்கைமரம் | மார்ச் 1

மங்கம்மா நேற்று முட்டைக்கூடு வைத்தாள். மூடி வலையில் தலைகீழாகத் தொங்கி, வயிற்று நுனியை இப்படியும் அப்படியும் வட்டமாக ஆட்டி, அடித்த முட்டை வெள்ளை மாதிரி நுரையை அடுக்கிக்கொண்டே போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாம் தொட்டுப் பார்த்தே செய்கிறாள். இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆனது. காலையில் பழுப்பாக இறுகிவிட்டது. வயிறு காலிப் பை மாதிரி ஒட்டிப்போயிருக்கிறது. கரப்பானை நீட்டியவுடன் பிடுங்கிக்கொண்டாள்.

இன்னொரு செய்தி. பரதேசி போய்விட்டாள். ஜன்னல் திறந்திருந்தது, என் தலையிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து கம்பிக்கு. நாலு நாள் கழித்துக் கறிவேப்பிலை மரத்தில் ஒரு பச்சையைப் பார்த்தேன். கையை நீட்டினேன். ஏறவில்லை. வேறு பூச்சியாகவும் இருக்கலாம்.

*

மொட்டைமாடி | மார்ச் 2

என்னுடைய நொண்டி ராஜா நேற்று இரவு போய்விட்டான். கடைசி வாரம் பாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன, வலையைப் பிடிக்க முடியவில்லை. பஞ்சில் படுக்க வைத்துத் தேன் கொடுத்தேன். கடைசிவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

*

ரைன்நதி | மார்ச் 2

அடடா. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள்.

*

முருங்கைமரம் | ஏப்ரல் 5

இன்று காலை ஆறு மணிக்குப் பொரிந்தது. கூட்டிலிருந்து நூலில் தொங்குகிற மாதிரி கொத்துக் கொத்தாக இறங்கி, அங்கேயே முதல் சட்டையை உதறிவிட்டுக் கலைந்து ஓடின. பென்சில் நுனியைக் கிட்டே கொண்டுபோனேன். எல்லாம் சிதறின. ஒன்று மட்டும் நின்று, ஊசி முனை அளவு கையைத் தூக்கியது. இன்னொன்று பென்சிலில் ஏறி என் விரலுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாவற்றையும் தோட்டத்தில் விடப் போகிறேன்.

*

சந்தேகப்பிராணி | ஏப்ரல் 5

விடாதீர்கள். இருபதை எனக்கு எடுத்து வையுங்கள், அந்த இரண்டும் அதில் இருக்கட்டும். தனித்தனி டப்பா வாங்கிவிட்டேன், எண் ஒட்டியாயிற்று. வாழைப்பழத்தோலில் பழ ஈயும் பத்து நாளாகப் பெருகிக்கொண்டிருக்கிறது, வீட்டில் திட்டு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வருகிறேன்.

*

முருங்கைமரம் | ஏப்ரல் 5

ஃப்ரிட்ஜ் மேல் வைக்காதீர்கள் சார்.